மட்டக்களப்பில் எழுதப் பொருளில்லையா?

“எழுதுவதற்கு இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் எழுதிவிட்டார்களே!” என்னும் குரல் நமது கலைப்பீடத்து மரநிழல்களில் அடிக்கடி கேட்கிறது. எந்தப் பத்திரிகையிலும் சம்பளத்துக்கு அமராது, எழுதிய கட்டுரைக்கு மாத்திரம் சன்மானம் பெறும் சுயாதீனக் கட்டுரையாளராக வேண்டுமென்ற ஆசை நம்மிற் பலருக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2017ஆம் ஆண்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்த காட்சியைப் பாடசாலைச் சீருடையோடு பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் நாம். பட்டத்தை மாத்திரம் நம்பியிருக்கலாகாது என்று அக்காட்சி நமக்குக் கற்பித்தது. ஆயின் பேனாவை எடுத்தவுடன் பொருளில்லை என்று கைவிரிக்கிறோம். இந்தக் கைவிரிப்பையே நான் மறுக்க முனைகிறேன். பொருட் பஞ்சம் என்பது நம் சோம்பலுக்கு நாமே சூட்டிக்கொண்ட கௌரவப் பட்டம்.

பிறரைச் சாடுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாளிதழின் வார இணைப்புக்குப் பாடும் மீன் பற்றிய கட்டுரையொன்றை அனுப்பினேன். பூரணை நிலவு, கல்லடிப் பாலம், நீரில் ஊன்றிய துடுப்பிற் செவிவைத்துக் கேட்கும் இன்னொலி, விபுலாநந்த அடிகளின் நீரர மகளிர் யாவும் அதில் இருந்தன. அவ்வொலியை நான் ஒரு நாளாவது கேட்டதில்லை என்னும் செய்தி மட்டும் அதில் இல்லை. முன்னே வெளிவந்த கட்டுரைகள் நான்கைப் பிசைந்து உருட்டிய ஐந்தாவது உருண்டை அது. கட்டுரை வெளியாயிற்று, சன்மானம் வரவில்லை. அதனை வீட்டாருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். நாற்பது ஆண்டுகளாக வாவியில் வலைவீசும் என் தாய்மாமன் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “மீன் பாடுதோ இல்லையோ, அது கிடக்கட்டும் மருமகன். மீன் இருக்கா எண்டு கேட்டு எழுத ஒருத்தரும் வரல்லியே” என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது.

அன்று தொடங்கிப் பாடும் மீன் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடி வாசித்தேன். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து இவ்வொலியைக் கேட்டு, 1859இல் வெளியிட்ட தமது இலங்கை நூலிற் பதிந்தார். ஆள்வோனின் கண்ணோடு வந்தவர் என்று நாம் அவரைக் குறைகூறலாம். ஆயினும் நாம் செய்யாத ஒன்றை அவர் செய்தார். வாவி மீனவரிடம் கேட்டார். ஒலி எழுப்புவது மீனன்று, ஒருவகை ஊரியே என்று அவர்கள் கூறி, அதற்குத் தம்மிடையே வழங்கிய பெயரையுஞ் சொன்னார்கள். அவர்கள் கூற்று விஞ்ஞானத்துக்கு ஒத்ததா, அன்றா என்பது வேறு விடயம். கேட்கப்பட்டார்கள் என்பதே இங்கு முக்கியம். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதியவர்களுள் எத்தனை பேர் மீனவனிடம் மீண்டும் போய்க் கேட்டோம்? ஊரி என்னுஞ் சொல் நம் கட்டுரைகளிலிருந்து உதிர்ந்துவிட்டது. மீன் மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. தலைப்புக்கு மீன் அழகு, ஊரி அழகன்று என்பது தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பாடும் மீன் ஒன்று மட்டுமா? ஆண்டுதோறும் யூலை மாதம் வந்தால் விபுலாநந்த அடிகள் 1892இல் காரைதீவிற் பிறந்து 1947இல் மறைந்தார் என்று தொடங்கும் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. அடிகளாருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை என்பேன். தமிழிசையை ஆராய்ந்தோர் அவருக்கு முன்னரும் இருந்தனர். ஆயினும் வழக்கொழிந்துபோன ஒரு கருவியை எடுத்து, அதன் நரம்புகளைக் கணக்கிட்டு நிறுவுவதற்கு ஆண்டுகள் பலவற்றைச் செலவிட்டு, தம் வாழ்வின் இறுதியாண்டில் யாழ்நூலை அரங்கேற்றியவர் அவர். பிறர் விட்டதைத் தேடியெடுத்த ஒருவரை, பிறர் எழுதியதையே மீளமீள எழுதி நினைவுகூர்கிறோம்.

கூத்தின் நிலையும் இதுவே. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை மேடையேற்றியபோது படித்த வர்க்கத்தார் பலர் நாட்டுக்கூத்தை ஒரு பொருளாகவே மதித்திலர். அன்று அது எவரும் உழாத நிலம். இன்றோ வடமோடி இன்னது, தென்மோடி இன்னது என்னும் வேறுபாட்டை மனப்பாடஞ் செய்த கட்டுரைகள் நம்மிடம் மலிந்துள்ளன. கரப்புடுப்புக் கட்டத் தெரிந்த கைகள் எத்தனை ஊர்களில் எஞ்சியுள்ளன, ஓர் இரவுக் கூத்துக்கு ஊரவர் எவ்வாறு பணம் சேர்க்கின்றனர், அண்ணாவியார் பகலில் என்ன தொழில் செய்கிறார் என்பவற்றை அக்கட்டுரைகளில் தேடினேன், காணவில்லை.

இவ்விடத்து ஒரு தடை எழும். “வித்துவான் வி.சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதிய பின் நாம் எழுத என்ன உண்டு?” என்று கேட்போர் உளர். 1964இல் வெளிவந்த அந்நூலை நான் பெரிதும் மதிப்பவன். ஆயின் அதனை ஒரு முற்றுப்புள்ளியாகக் கொள்வோர் அதனை வாசித்தவர்களா என ஐயுறுகிறேன். போடியாரும் முல்லைக்காரரும் வாடியும் களவெட்டியுமாக வாழ்ந்த வயலுலகு அந்நூற் காலத்தது. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி எழுவான்கரையின் தென்னஞ்சோலைகளை முறித்தெறிந்தது அதற்குப் பின்னர். போர்க்காலமும் 2004 டிசம்பர் 26இன் கடற்கோளும் அதற்குப் பின்னர். இன்று அறுவடை இயந்திரம் வயலிலிறங்கி வெட்டுதலையும் சூடடித்தலையும் ஒருங்கே முடித்துவிடுகிறது. களத்தில் நெல்லை நெல்லென்னாது பொலி என்று பெயர்மாற்றி வழங்கிய நாவுகளுக்கு இன்று களமே இல்லை. வெட்டுக்காரராய்ச் சென்ற குடும்பங்கள் அந்த மாதங்களில் இப்போது எங்கே போகின்றன? கந்தையா அவர்கள் இன்றிருப்பின் இவ்வினாவை விட்டிரார்.

இனி வாவிக்கே வருகிறேன். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. கோடையில் மணல் திரண்டு வாயை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகும்போது மணற்றிட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவர். இதனையே ஆற்றுவாய் வெட்டுதல் என்கிறோம். பத்திரிகையில் இச்செய்தி, ‘முகத்துவாரம் வெட்டப்பட்டது’ என ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னாலுள்ள வழக்கை என் மாமனிடங் கேட்டே அறிந்தேன். படுவான்கரை வயற்காரனுக்கு நீர் ஒரு நாள் கூடுதலாக நின்றாலும் பயிர் அழுகிவிடும். ஆகவே விரைந்து வெட்டென்பான். மீன்காரனுக்கோ அவசரப்பட்டு வெட்டினால் வாவி வற்றி, வளரவேண்டிய இறால் கடலுக்குப் போய்விடும். ஆகவே பொறு என்பான். தாழ்ந்த கரைகளிற் குடியிருப்போருக்கு வேறொரு கணக்கு உண்டு. ஒரே நீர், மூன்று நியாயங்கள். என்று வெட்டுவது, எவ்வளவு அகலத்தில் வெட்டுவது, யார் சொல் மேலோங்குவது என்பன அவ்வோராண்டும் புதிதாகத் தீர்க்கப்பட வேண்டியவை. 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவிற் கொண்டோர் இதன் கனத்தை உணர்வர். பொருளாதாரம், புவியியல், சமூகவியல் ஆகிய மூன்றையும் மூன்று மண்டபங்களில் தனித்தனியே படிக்கும் நாம், அவை மூன்றும் ஒருங்கே கூடும் மணற்றிட்டுக்கு ஒரு நாள் போனதில்லை.

மாமனுடைய முதல் வினாவும் இதனோடு சேர்ந்ததே. கொடுவாவும் மணலையும் ஓராவும் முன்போல் வலையிற் படுவதில்லை என்கிறார். தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைக் காரணங் காட்டுகிறார். அவ்வலையை வாங்குவோர் அவருடைய சொந்தக்காரருள்ளும் இருக்கின்றனர் என்பதையும் மறைக்கவில்லை. கண்டற் காடு வெட்டப்பட்டதையும், ஊரழுக்கு நீரில் இறங்குவதையும் கூறுகிறார். இவற்றுள் எது எவ்வளவு உண்மை என்று ஆராய வேண்டும். அந்த ஆராய்ச்சியே கட்டுரை.

மண்முனைத்துறையில் 2014இல் பாலந் திறக்கப்பட்டது. பாலத்தைப் பற்றி எழுதினோம். அதுவரை மக்களையும் மாட்டையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்த ‘பாதை’யை ஓட்டியவர்கள் மறுநாட் காலையில் என்ன செய்தார்கள் என்று எழுதினோமா?

வாவியின் நடுவே புளியந்தீவில் இன்னொரு பொருள் இருக்கிறது. அது எழுதப்படாததற்கு வறுமையோ அச்சமோ காரணமன்று. நம் அசட்டையே காரணம். போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் 1638இல் அதைக் கைப்பற்றினர். அரசுகள் போயின, பறங்கியர் என நாம் அழைக்கும் மக்கள் எஞ்சினர். தச்சும் கம்மியமும் தையலுமாக நம்மிடையே வாழ்ந்துவரும் அவர்தம் வீடுகளில் ஒரு போர்த்துக்கேய மொழி பேசப்பட்டு வந்தது. மூத்தோர் சிலரிடம் இன்றும் உண்டு. இளையோர் தமிழிலேயே பேசுகின்றனர். இம்மொழியை இயன் சிமித் என்னும் மொழியியலாளர் 1970களில் ஆராய்ந்தார். அவர்தம் பாடல்களை ஆராய்ந்த டேவிட் ஜக்சன் 1990இல் நூல் வெளியிட்டார். அண்மையில் லிஸ்பனிலிருந்து ஊகோ கார்டோசோ என்பவர் வந்து ஒலிப்பதிவு செய்தார். அவர்கள் கண்டவற்றுள் ஒன்று தமிழ் மாணவன் ஒவ்வொருவனையும் துள்ளியெழச் செய்திருக்க வேண்டும். அம்மொழியின் சொற்கள் போர்த்துக்கேயம். வாக்கிய அமைப்போ நம்முடையதை ஒத்தது. வினை இறுதியில் வருகிறது. முன்னே நிற்கவேண்டிய சொல் தேய்ந்து பெயருக்குப் பின்னே ஒட்டி, நமது வேற்றுமை உருபின் பணியைச் செய்கிறது. ஐரோப்பிய மொழியொன்று இவ்வாவிக்கரையிலே தமிழிலக்கணத்துக்கு வசப்பட்டுக் கிடக்கிறது! நன்னூலை உருப்போட்டு வேற்றுமை எட்டையும் ஒப்பிக்கும் நாம், அயல் வீட்டிற் கேட்ட வேற்றுமையை அறிந்திலோம். கடற்கோள் டச்பாரிலிருந்த பறங்கியரை அள்ளிச் சென்றபோது அவர்களோடு எத்தனை சொற்கள் போயின என்பதையும் எண்ணிப் பார்த்திலோம். அவர்தம் திருமண வீட்டுக் கபிரிஞ்ஞா ஆட்டத்துக்கு அழைப்பு வந்தால் மட்டும் போய்வருவோம்.

வெளியார் வந்து எழுதுகின்றனர் என்று சலித்துக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அக்கரைப்பற்றில் 1969 முதலாகத் தங்கி ஆராய்ந்த டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழர் முஸ்லிம்கள் இருசாராரிடமும் தாய்வழிக் குடிமுறை நிலவுதலை விரிவாக எழுதி 2008இல் நூலாக்கினார். மண்டூர் முருகன் கோயிலைப் பற்றி மார்க் விற்றேக்கர் எழுதிய நூல் 1999இல் வந்தது. நம் வீட்டில் ‘எந்தக் குடி?’ என்று கேட்காத கலியாணப் பேச்சு இல்லை. ஆயினும் அக்கேள்வி ஆய்வுப்பொருளாகும் என்று அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து காட்டவேண்டியிருந்தது. இதற்கு அவர்மீது குறை இல்லை. இந்நூல்கள் நம் விரிவுரைகளில் மேற்கோளாக வருகின்றன. சந்தைக்குப் போகும் மனிதன் வாசிக்கும் பத்திரிகைக்கு வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே நிற்கவேண்டியவன் கட்டுரையாளன். அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது.

இக்குடிமுறையோடு இன்றைய வாழ்வு எங்கே முட்டுகிறது என்று பார்ப்போம். நம் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணஞ் செய்கிறோம். அந்த வீட்டுக்காகவே தாய் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள். மகளுக்கு வீடு எழும் ஆண்டுகளில் மகளுக்குத் தாய் இல்லை. எத்தனையோ வீடுகளின் கூரைக்கு இதுவே விலை. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்குக்கு 2013 ஜனவரி 9இல் சவூதி அரேபியாவில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டபோது நாம் கண்ணீரோடு எழுதினோம், எழுதவேண்டியதே. ஆயின் உயிரோடு திரும்பிவந்து, கட்டிய வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பின்பத்தியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் தாயைப் பற்றிய கட்டுரையை நான் இன்னும் வாசிக்கவில்லை. பெண் இறந்தாற்றான் பொருளாவாள் என்னும் இலக்கணத்தை எவர் வகுத்தனர்?

“எழுதினாற் பத்திரிகைகள் போடமாட்டா” என்பது அடுத்த தடை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தாள் கிடையாமற் பக்கங்கள் குறைந்தன என்பது மெய். சன்மானம் சொற்பம், பல வேளை இல்லவே இல்லை என்பதும் மெய். அதற்கு நானே சாட்சி. ஆசிரியர்மாரும் குற்றமற்றவரல்லர். வெள்ளம் வந்தால் மட்டும் மட்டக்களப்பை நினைக்கும் மேசைகள் உண்டு. ஆயினும் ஒன்றைச் சிந்திப்போம். பாடும் மீன் கட்டுரையை எவரும் எழுதலாம். ஆகவே அதற்கு விலையில்லை. ஆற்றுவாய்க் கட்டுரையைப் பாலமீன்மட்டில் நின்றவன் மாத்திரமே எழுதமுடியும். வேறெவனாலும் கொடுக்கமுடியாத சரக்கை வைத்திருப்பவனே பேரம் பேசலாம் என்பதற்குப் பொருளியல் விசேட பட்டம் வேண்டியதில்லை.

மற்றொரு காரணத்தை மெல்லிய குரலிற் சொல்வர். அதனை நான் எள்ளமாட்டேன். அது அச்சம். பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் இந்நகரிலேயே பட்டப்பகலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பிற் பிறந்து ‘தராக்கி’ என்னும் பெயரில் எழுதிய தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கொழும்பிற் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். சிவராமின் அரசியலோடு உடன்படாதோர் இருக்கலாம். பிறர் காணாத பொருளைக் கண்டு எழுதியமையே அவரைப் பலரும் தேடி வாசித்ததற்குக் காரணம் என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள். மண்டூர்க் கோயிலை ஆராய வந்த விற்றேக்கரே பின்னர் சிவராமைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். அவர்கள் காலத்தில் மௌனமாக இருந்தோரைக் குறைகூற எனக்கு வயதும் இல்லை, உரிமையும் இல்லை. ஆனால் தொட அஞ்சினோம் என்று சொல்வது வேறு. தொடுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்வது வேறு. முன்னது நேர்மை. பின்னது, பொருளுக்காக உயிர் கொடுத்தவர்கள் வாழ்ந்த ஊரில் நின்று பேசத் தகாத பேச்சு. ஊரி பற்றியும், பாதை ஓட்டியவர் பற்றியும் எழுதுவதற்கு எந்த அச்சமும் இல்லையே; அவற்றையும் எழுதவில்லை என்பதிலிருந்து நம் மௌனம் முழுவதும் அச்சத்தால் வந்ததன்று என்பது தெரிகிறது.

பொருளைக் கண்டுபிடிக்க நான் கைக்கொள்ளும் வழி எளியது. ஒரு செய்தி தோன்றியதும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற் பழைய இதழ்களையும் மலர்களையும் தேடிப் பார்ப்பேன். பல கட்டுரைகள் வந்திருந்தால் அவற்றுள் எவராவது சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு எழுதியிருக்கிறாரா என்று நோக்குவேன். கேட்டிலரெனின் பொருள் இன்னும் தீண்டப்படவில்லை என்றே கொள்வேன். இவ்வாறு நோக்கின் பாடும் மீனே நாளைக்கு ஒரு புதிய பொருளாகலாம், மீனவனிடமிருந்து தொடங்கினால்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. இது எனக்கே நான் சொல்லிக்கொள்வது. கரையோர மனிதரைச் சுரங்கமாக எண்ணிச் செய்தியை வெட்டியெடுத்துக்கொண்டு ஓடுவதும் ஒருவகைத் தங்கூசி வலைதான். ஆற்றுவாய் பற்றி நான் எழுதிவரும் கட்டுரையை மாமனுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று சொற்களைத் திருத்தினார். ஓர் இடத்தில், “இதைப் போட்டா வயல்காரர் கோவிப்பாங்க, அவங்களிட்டயும் கேட்டுப் போடு” என்றார். நான் கற்ற ஆய்வுமுறையியற் பாடத்தில் இதைவிடத் தெளிவாக எவரும் சொல்லவில்லை.

ஆகவே அக்கட்டுரை இன்னும் முடியவில்லை. படுவான்கரையில் வயற்காரர் சிலரைக் கண்டு பேசவேண்டியிருக்கிறது. வருகிற மாரியில் ஆற்றுவாய் வெட்டும் நாளன்று பாலமீன்மட்டில் நிற்பதாக உள்ளேன். உடன்வர விரும்பும் நண்பர்கள் குடையும் குறிப்பேடும் கொண்டு வருக. சன்மானம் பற்றி இப்போதைக்கு எந்த வாக்குறுதியும் தர இயலாது.